பொக்கே: பின்னணி எவ்வளவு மங்கவேண்டும், எப்படி மங்கவேண்டும்

கேமராவில் ஆர்வம் வந்தவர்கள் சீக்கிரமே விழுந்துவிடும் ஒரு மோகம் உண்டு. ஆள் மட்டும் பளிச்சென்று தெரிய, பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோன படம். விளக்குகள் வட்ட வட்டமாக விரிந்திருக்கும், இலைகள் வெறும் பச்சைப் பூச்சாக மாறியிருக்கும், பார்த்தவுடனே 'இது பெரிய கேமராவில் எடுத்தது' என்று தோன்றும். இந்த மங்கலுக்குத்தான் பொக்கே என்று பெயர். ஜப்பானியர்கள் வெகுநாளாகப் பேசிவந்த விஷயம் இது. 1997ல் அமெரிக்காவின் ஃபோட்டோ டெக்னிக்ஸ் இதழில் அதன் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார், அதற்கப்புறம் உலகம் முழுக்கத் தொற்றிக்கொண்டது. இன்று லென்ஸ் வாங்க நினைக்கிறவர்கள் பலர் முதலில் கேட்பதே "இதில் ப்ளர் எவ்வளவு வரும்?" என்றுதான்.

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த 'எவ்வளவு' ஒரே ஒரு வகுத்தல் கணக்கில் முடிந்துவிடும், யாரும் வாயாலேயே போட்டுவிடலாம். அந்த மங்கல் எப்படிப்பட்டது, அதில் எவ்வளவை ஒரு படத்தில் வைத்துக்கொள்வது என்பவைதான் மெனக்கெடவேண்டிய இடங்கள். முதலில் கணக்கை முடித்துவிடுவோம்.

தூரத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளி எல்லாப் பக்கமும் போகிறது. அதில் லென்ஸின் திறப்பு வழியாக நுழைகிற பங்கை லென்ஸ் வளைத்து ஒரு கூம்பாகக் குவிக்கிறது. கூம்பின் நுனி சரியாக சென்சார் மேல் விழுந்தால் விளக்கு ஒரு புள்ளியாகப் பதியும். நீங்கள் ஃபோகஸ் செய்திருப்பது விளக்குக்கு முன்னால் நிற்கும் ஆளின் முகத்தில் என்றால், விளக்கின் கூம்பு சென்சாரை எட்டுவதற்கு முன்பே குவிந்து, திரும்ப விரிய ஆரம்பித்திருக்கும். சென்சாரில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டு விழும். பின்னணியில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும், இலையின் நுனியோ சுவரின் கீறலோ எதுவானாலும், இப்படி ஒரு வட்டாகத்தான் பதிகிறது. அந்த வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலப்பதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். விளக்கு மாதிரி பளிச்சென்ற புள்ளிகள் மட்டும் கூட்டத்திலிருந்து தனித்துத் தெரிவதால் அவற்றின் வட்டை நம்மால் பார்க்கமுடிகிறது.

கறாராகச் சொன்னால் ஃபோகஸ் செய்த ஒரே ஒரு தூரம்தான் கூர்மை. அதற்கு முன்னும் பின்னும் வட்டுகள் மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகும், ஆனால் ரொம்பச் சின்னதாக இருக்கும்வரை கண் அதைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள) சென்சாருக்கு அந்த வரம்பை வழக்கமாக 0.03 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறார்கள். டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்று சொல்வது இந்தச் சலுகைக்குள் அடங்கும் ஆழத்தைத்தான்.

இப்போது அந்த வகுத்தல். லென்ஸின் ஃபோகல் லெங்தை (லென்ஸ் மேல் மி.மீ.யில் எழுதியிருப்பது) எஃப் எண்ணால் (எஃப்/1.8 என்பதுபோல் எழுதுவது) வகுத்தால் திறப்பின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸ், எஃப்/1.8 என்றால் சுமார் 28 மி.மீ. அகலமான திறப்பு. 85 மி.மீ. எஃப்/1.4 என்றால் சுமார் 61 மி.மீ. 200 மி.மீ. எஃப்/2.8 என்றால் 71 மி.மீ. எஃப் எண் சின்னதாக இருந்தால் போதும், மங்கல் அள்ளும் என்று நினைப்பவர்கள் 24 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை வகுத்துப் பார்க்கவேண்டும்: வெறும் 17 மி.மீ.தான் வரும்.

இந்த விட்டத்துக்கு அழகான ஓர் அர்த்தம் இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரொம்பத் தூரத்தில் இருக்கும் ஒரு விளக்கு படத்தில் எவ்வளவு பெரிய வட்டாக வரும் என்றால், ஆள் நிற்கும் இடத்தில் வைத்து அளந்தால் அது சரியாக லென்ஸ் திறப்பின் விட்டம் அளவுதான் இருக்கும். அதாவது 28 மி.மீ. திறப்பு என்றால், படத்தில் இருக்கும் முகத்தின் பக்கத்தில் 28 மி.மீ. தகடு ஒன்றைப் பிடித்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதே அளவு வட்டு. முகத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கண்ணின் அகலம், ஓரத்திலிருந்து ஓரம், கிட்டத்தட்ட 30 மி.மீ. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே கிட்டத்தட்ட 63 மி.மீ. கருவிழி மட்டும் 12 மி.மீ. அப்படியானால் 50 மி.மீ. எஃப்/1.8ல் தூரத்து விளக்கு ஒரு கண் அகலத்துக்கு விரியும். 85 மி.மீ. எஃப்/1.4ல் இந்தக் கண்மணியிலிருந்து அந்தக் கண்மணி வரைக்கும் விரியும். கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப்/5.6ல் 10 மி.மீ. வரும், கருவிழியைவிடக் கொஞ்சம் சின்னது. ஃபோனின் மெயின் கேமராவுக்கு உண்மையான ஃபோகல் லெங்த் பெரும்பாலும் 7 மி.மீ.க்குப் பக்கம்தான், எஃப்/1.8 என்று பெருமையாக எழுதியிருந்தாலும் திறப்பு 4 மி.மீ.யைத் தாண்டாது. கருவிழியில் மூன்றில் ஒரு பங்கு. ஃபோனில் ஏன் தானாக மங்கல் வருவதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

இதெல்லாம் பின்னணி ரொம்பத் தூரத்தில் இருந்தால். பின்னணி கிட்டத்தில் இருந்தால் வட்டு சுருங்கிவிடும், அதற்கும் கணக்கு சுலபம்தான்: ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தை, கேமராவுக்கும் பின்னணிக்கும் உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, அதைத் திறப்பின் விட்டத்தோடு பெருக்கவேண்டும். ஆள் உங்களிடமிருந்து 2 மீட்டரில் நிற்கிறார், அவருக்கு அரை மீட்டர் பின்னால் சுவர் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சுவர் 2 மீட்டர் பின்னால் என்றால் பாதி. 8 மீட்டர் பின்னால் என்றால் ஐந்தில் நாலு பங்கு. இதை மேலே சொன்ன லென்ஸ்களோடு சேர்த்துப் பாருங்கள். ஆளைச் சுவருக்கு அரை மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டு 85 மி.மீ. எஃப்/1.4 வைத்து எடுத்தால் 12 மி.மீ. வட்டு கிடைக்கும், அதே ஆளைச் சுவரிலிருந்து 8 மீட்டர் முன்னால் கூட்டிவந்து சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8ல் எடுத்தால் 22 மி.மீ. கிடைக்கும். லென்ஸ் மாற்றுவதற்கு முன்னால் ஆளை நாலடி முன்னால் வரச்சொல்லுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். கிட்டே போய் எடுத்தாலும் பலன் உண்டு: முகம் சட்டத்தில் பெரிதாகும்போது வட்டும் கூடவே பெரிதாகும், பக்கத்துப் பின்னணியின் பங்கும் ஏறும்.

சென்சார் அளவு பற்றி நிறையச் சண்டை நடக்கிறது, அதை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். சின்ன சென்சாரில் அதே காட்சியை அடக்க ஃபோகல் லெங்த் குறைந்த லென்ஸ் போடவேண்டியிருக்கிறது, அதனால் திறப்பு சின்னதாகிவிடுகிறது, அவ்வளவுதான். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஃபுல் ஃப்ரேமில் ஏறத்தாழப் பாதி அகல சென்சார் உள்ள) கேமராவில் 25 மி.மீ. எஃப்/1.4 போட்டால் திறப்பு 18 மி.மீ.; ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப்/2.8 போட்டாலும் அதே 18 மி.மீ.தான். இரண்டும் ஒரே காட்சியைத்தான் அடக்கும், மங்கலும் ஒன்றாகத்தான் இருக்கும்.

சரி, அளவு முடிந்தது. எனக்கு ஆர்வம் தொடங்குவதே இதற்கப்புறம்தான், ஏனென்றால் ஒரே ஃபோகல் லெங்த், ஒரே எஃப் எண், ஒரே இடம், இரண்டு லென்ஸ்: ஒன்றில் பின்னணி வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்றில் நமநமவென்று உறுத்தும். வட்டின் அளவு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் அந்த வட்டுக்குள்ளே ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு வட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலவற்றில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே சீராக ஒளி இருக்கும். சிலவற்றில் நடுவில் பளிச்சென்று, விளிம்பில் தேய்ந்து மறையும். சிலவற்றில் விளிம்பில் ஒரு பிரகாசமான வளையம் ஓடும். லென்ஸின் நடுவில் நுழையும் ஒளியும் ஓரத்தில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் குவியாத கோளப்பிறழ்ச்சி என்னும் குறையை லென்ஸ் வடிவமைப்பாளர் எவ்வளவு சரிசெய்தார் என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. தேவைக்கு மேல் சரிசெய்தால் பின்னணி வட்டுக்கு விளிம்பு வளையம் வரும். கொஞ்சம் குறைவாகச் சரிசெய்து விட்டால் விளிம்பு மென்மையாகும், ஆனால் அப்போது முன்னணி மங்கலில் வளையம் வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒருசேர வெண்ணெயாக இருக்கவேண்டும் என்றால் சாதாரண வழியில் நடக்காது.

விளிம்பு வளையம் தனி விளக்கில் அழகாகக்கூட இருக்கலாம். தொல்லை எங்கே என்றால் குச்சி, கிளை, புல், கம்பி இருக்கும் பின்னணியில். ஒரு மெல்லிய கிளையை வரிசையாக அடுக்கிய புள்ளிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் விளிம்பில் பளிச்சிடும் வட்டாகப் பதிந்தால், அந்த விளிம்புகள் மேலும் கீழும் கோத்துக்கொண்டு ஒரு கிளை இரண்டு கோடுகளாகிவிடும். காய்ந்த செடிகொடிகளுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்த படங்களில் பின்னணி முழுக்க இரட்டைக் கோடுகள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். இதுதான் நான் மோசமான பொக்கே என்று சொல்வேன்: மங்கல் இருக்கிறது, ஆனால் கண் முகத்தில் நிற்காமல் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது.

இந்தக் குறையையே விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. ஜெர்மனியின் மேயர் ஆப்டிக் தயாரித்த டிரையோபிளான் 100 மி.மீ. எஃப்/2.8 என்ற பழைய லென்ஸ், விளக்குகளையும் பனித்துளிகளையும் சோப்புக் குமிழிகள் போலக் காட்டுவதற்காகவே பேர்போனது. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2, பின்னணி இலைகளை ஆளைச் சுற்றிச் சுழலவைக்கும். இரண்டுக்கும் ரசிகர்கள் ஏராளம். எனக்குச் சுழல் மங்கல் அவ்வளவாகப் பிடிக்காது, படத்தில் இருக்கும் ஆளைவிட லென்ஸ்தான் அதிகம் பேசுகிறது என்று தோன்றும். ஆனால் சுழல் எப்படி வருகிறது என்பது தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம், ஏனென்றால் அதன் சாயல் எல்லா லென்ஸிலும் கொஞ்சம் இருக்கிறது. படத்தின் ஓரங்களுக்குப் போகும் ஒளி லென்ஸுக்குள் சாய்வாக நுழைகிறது, குழாயின் விளிம்பு அதில் ஒரு பக்கத்தைத் தடுத்துவிடுகிறது, அதனால் ஓரத்து வட்டு நசுங்கி, பூனைக்கண் மாதிரி கூர்ந்துவிடுகிறது. நாலு மூலையிலும் இந்தப் பூனைக்கண்கள் நடுவைச் சுற்றி நிற்பதுபோல் சாய்ந்திருப்பதால்தான் சுழல்வதாகத் தோன்றுகிறது. திறப்பை ஓரிரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் உள்ளே வரும் ஒளி பாதியாகும் ஒரு படி) குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அப்படிக் குறைக்கும்போது திறப்பின் தகடுகள் உள்ளே வருவதால் வட்டுகள் பல்கோணமாகலாம். ஐந்தோ ஆறோ நேர்த் தகடு உள்ள பழைய லென்ஸ்களில் இது பளிச்சென்று தெரியும், ஒன்பது பதினொன்று என்று வளைந்த தகடுகள் வைக்கும் புது லென்ஸ்களில் குறைவு.

வட்டுக்குள்ளே வேறு சில கைரேகைகளும் உண்டு. அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (கோள வளைவு இல்லாத) கண்ணாடி இருந்தால் அதன் அச்சுத் தடம் மெல்லிய வளையங்களாகப் பதியும், வெங்காய வளையம் என்பார்கள். 500 மி.மீ. எஃப்/8 மாதிரியான, ஆடிகளால் ஒளியைக் குவிக்கும் மிரர் லென்ஸ்களில் நடுவில் ஒரு சின்ன ஆடி ஒளியை மறைப்பதால் எல்லா விளக்கும் நடுவில் ஓட்டையுள்ள வளையமாக வரும். இதற்கெல்லாம் எதிர்த் திசையில் போனவர்களும் இருக்கிறார்கள்: மினோல்டா 1999ல் 135 மி.மீ. எஸ்.டி.எஃப் லென்ஸிலும், ஃபுஜிஃபில்ம் 2014ல் 56 மி.மீ. எஃப்/1.2 ஏ.பி.டி லென்ஸிலும், ஓரத்துக்குப் போகப்போக இருளும் ஒரு பகுதியை உள்ளே வைத்தார்கள். வட்டின் விளிம்பு முன்னாலும் பின்னாலும் மெல்லத் தேய்ந்து மறையும். ஒளி இழப்பு அதற்கான விலை, மினோல்டாவில் எஃப்/2.8 திறப்புக்கு எஃப்/4.5 அளவு ஒளிதான் உள்ளே வரும். மங்கலின் தரத்துக்காக ஒளியையே விட்டுக்கொடுத்தார்கள் என்பது என்னை இன்னும் ஆச்சரியப்படவைக்கிறது, ஏனென்றால் பெரிய திறப்பு பிறந்ததே ஒளிக்காகத்தான். 1840ல் வியன்னாவில் பெட்ஸ்வால் தன் போர்ட்ரெய்ட் லென்ஸை வடிவமைத்தபோது, ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டிய நேரத்தைக் குறைப்பதுதான் நோக்கம். பின்னணி கரைந்தது அதன் கூடவே வந்த விளைவு. இன்றைய சென்சார்கள் இருட்டிலும் சமாளிப்பதால் பலரும் எஃப்/1.4ஐ அந்த விளைவுக்காகவே வாங்குகிறார்கள்.

ஏன் இந்த மங்கல் இவ்வளவு பிடிக்கிறது? படத்தில் எங்கே பார்க்கவேண்டும் என்ற சந்தேகமே எழாமல் செய்துவிடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, நம் கண்ணால் இதை நிதானமாகப் பார்க்கவே முடியாது. கண்ணிலும் மங்கல் உண்டு, ஆனால் மங்கலாக இருக்கும் இடத்தைப் பார்க்கத் திரும்பிய கணத்தில் ஃபோகஸ் அங்கே போய்விடும். படத்தில் மட்டும்தான் மங்கல் அப்படியே நிற்கிறது. 1889ல் இங்கிலாந்தின் பி.எச். எமர்சன், கண் பார்ப்பதுபோல முக்கியமான ஒன்றை மட்டும் கூர்மையாக வைத்து மற்றதைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும் என்று வாதாடினார். 1932ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் இன்னும் சிலரும் சேர்ந்து நேர் எதிராகக் கிளம்பினார்கள், குழுவின் பெயரையே மிகச் சின்னத் திறப்பைக் குறிக்கும் எஃப்/64 என்று வைத்தார்கள், முன்னால் இருக்கும் கல் முதல் தூரத்து மலைவரை எல்லாம் கூர்மை.

நான் இரண்டு பக்கமும் இல்லை, ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம் உண்டு: லென்ஸ் எஃப்/1.4 வரை திறக்கும் என்பதற்காக எப்போதும் அங்கேயே எடுக்கக்கூடாது. 85 மி.மீ. எஃப்/1.4ல் 2 மீட்டரில் நிற்பவரை எடுத்தால் கூர்மையான ஆழம் மொத்தமே நாலரை சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு நுனி தளர்ந்துவிடும், காது கரைந்துவிடும், ஆள் கொஞ்சம் திரும்பி நின்றால் இன்னொரு கண்ணும் போய்விடும். அதையே எஃப்/4ல் எடுத்துப் பாருங்கள். ஆழம் 12, 13 சென்டிமீட்டர் ஆகிவிடும், முகம் ஒரு முகமாக முழுசாக நிற்கும். திறப்பு 21 மி.மீ., அதாவது தூரத்துப் பின்னணியின் ஒவ்வொரு புள்ளியும் இன்னும் கருவிழியைப்போல் ஒன்றேமுக்கால் மடங்கு வட்டாகத்தான் இருக்கும். பின்னணி கரைந்தேதான் இருக்கிறது, ஆனால் அது மரமா, தெருவா, கடலா என்று சொல்லமுடிகிறது. ஓர் ஆளை அவர் இருக்கும் இடத்தோடு எடுக்கும்போது அந்த இடம் கொஞ்சமாவது படத்துக்குள் வரவேண்டாமா? எங்கே எடுத்தது என்று எடுத்தவருக்கே நினைவில்லாத அளவுக்கு எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் ஸ்டூடியோவில் ஒரு துணியைத் தொங்கவிட்டே எடுத்திருக்கலாம். இரண்டு பேரைச் சேர்த்து எடுப்பதானால் எஃப்/4ம் சில நேரம் போதாது, இருவரின் கண்களும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிறுத்திவிட்டு, அப்புறம் திறப்பைப் பற்றி யோசியுங்கள்.

ஃபோன்கள் கதை வேறு. 2016ல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களைக் கொண்டும், 2017ல் பிக்சல் 2 ஒரே கேமராவைக் கொண்டும் தூரத்தை ஊகித்து மென்பொருளால் மங்கலைப் பூசின. இப்போது எல்லாரும் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். எங்கே தடுமாறும் என்றால் பறக்கும் முடி, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, இடுப்பில் கைவைத்து நிற்கும்போது கைக்கும் உடம்புக்கும் நடுவே தெரியும் இடைவெளி. இன்னொன்றைக் கவனியுங்கள், அவர் நிற்கும் தரை. லென்ஸில் எடுத்தால் காலடியில் கூர்மையாகத் தொடங்கி, பின்னால் போகப்போகத் தரை படிப்படியாக மங்கும். மென்பொருளின் கணக்கு பிசகினால் அந்தப் படிப்படி இருக்காது, ஆள் வெட்டி ஒட்டியதுபோல் நிற்பார். பல ஃபோன்களில் எடுத்த பிறகும் மங்கலின் அளவைக் குறைக்கலாம். கம்பெனி வைத்திருக்கும் அளவிலிருந்து பாதிக்குக் குறைத்தாலே இந்தத் தப்புகளில் நிறைய மறைந்துவிடும்.

கையில் லென்ஸ் இருக்கிறது, அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றால் ஒரு சாயங்காலம் போதும். சின்னச் சின்ன விளக்குகள் கோத்த சரம் ஒன்றைத் தூரத்தில் அகலமாகத் தொங்கவிடுங்கள், ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு லென்ஸை அதன் மிகக் கிட்டத்துத் தூரத்துக்குத் திருப்பி வையுங்கள். முழுத் திறப்பில் ஒரு படம், அப்புறம் ஒவ்வொரு ஸ்டாப்பாகக் குறைத்து எஃப்/5.6 வரை. நடு வட்டைப் பெரிதாக்கி விளிம்பில் வளையம் இருக்கிறதா, உள்ளே கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம் மூலைக்குப் போய்ப் பூனைக்கண் எந்த ஸ்டாப்பில் உருண்டையாகிறது, தகடுகளின் கோணம் எந்த ஸ்டாப்பில் தெரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஸ்டாப் கிடைத்தால், விளக்குகள் நிறைந்த பின்னணிக்கு உங்கள் லென்ஸை அங்கே வைத்து எடுங்கள்.